அலாரம் அடித்துப் பார்க்க வந்தவள்

எல்லாத் தொழிலிலும் வேலை பிழைத்தால் திட்டு விழும். தீ அலாரம் சோதிக்கிற தொழிலில் மட்டும் வேலை சரியாக நடந்தால்தான் திட்டு விழும். மணி அடிக்காவிட்டால் "பாவம், பிள்ளை வெயிலுக்குள்ள வந்தது" என்று சோடா உடைத்துத் தருவார்கள். மணி அடித்துவிட்டதோ, போச்சு. கைக்குழந்தை எழும்பிவிடும், கூட்டம் குழம்பிவிடும், பிரஷர்காரருக்குப் பிரஷர் ஏறிவிடும், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

மின்மானி வாசிக்கப் போய் நாய்க்குப் பயந்து மதிலில் ஏறி நின்றவர்களே, டெங்கு நுளம்புக் குடம்பி தேடப் போய்ப் பூச்சாடிக்குச் சொந்தக்காரியிடம் வசவு வாங்கியவர்களே, தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கப் போய் முழு மீன் சந்தைக்கும் எதிரியானவர்களே! "சும்மா பார்த்திட்டுப் போறம்" என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் வாசலில் ஏறிய எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

எங்கள் பல்கலைக்கழக வளாகம் வேலைநிறுத்தத்தால் மூடிக் கிடந்தது. பௌதிகவியல் இரண்டாம் வருடத்தில் பாதி படித்துவிட்டுப் பேசாலையில் வீட்டோடு இருந்தேன். எதிர்த்துப் பேச விரிவுரையாளர்கள் இல்லாத குறையை அம்மாவோடு தீர்த்துக்கொண்டேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, மன்னார் ரவுணில் கட்டிடங்களுக்குத் தீ அலாரம் பூட்டி, பிறகு சோதித்தும் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பனிக்கு ஆள் தேவையாம் என்று அவரே செய்தி கொண்டுவந்தார். "சம்பளம் என்னவெண்டாலும் பரவாயில்லை, பகலில வீடு அமைதியாக் கிடக்கும்" என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

கம்பனி என்றால் ஒரு முதலாளி, ஒரு வான், சுபைர் நானா, நான். சுபைர் நானா சிலாவத்துறைக்காரர். நாற்பது வயது இருக்கும். வான் ஓட்டுவதும் ஏணி ஏறுவதும் கம்பி இழுப்பதும் அவர். நீளத் தடியின் நுனியில் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் சோதனைப் புகையை விசிறி, கூரையில் ஒட்டியிருக்கிற டிடெக்டருக்குப் பிடிப்பது நான். புகை பட்டால் டிடெக்டர் சுவரில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, அதாவது பனலுக்கு, சொல்லும், பனல் மணியை அடிக்கும். அடித்தால் "சரி" என்று எழுதுவேன், அடிக்காவிட்டால் "பழுது" என்று எழுதுவேன். அறிக்கை எழுதுவது முழுக்க என் பொறுப்பு, படித்த பிள்ளை என்பதால். அந்தப் படித்த பிள்ளை எழுதிய ஓர் அறிக்கையால் ஒருத்தியின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நான் எப்படிப்பட்ட மனநிலையில் அதை எழுதினேன் என்று தெரிய, அதற்கு முதல் நடந்த இரண்டைச் சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போன பற்றறி

தலைமன்னார் வீதியில் ஒரு விருந்தினர் விடுதி. பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்குகிற இடம். கீழே எட்டு அறை, மேலே நாலு. எல்லா அறையிலும் டிடெக்டர் பளபளவென்று இருந்தது. சுபைர் நானா பனலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். கரண்ட் போனாலும் அலாரம் வேலை செய்வதற்கு உள்ளே இரண்டு பற்றறி இருக்க வேண்டும். இருந்த இடத்தில் இரண்டு சதுரத் தூசிதான் இருந்தது.

விடுதிக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் பொரிந்தேன். கரண்ட் போன நேரம் நெருப்புப் பிடித்தால் மேல்மாடியில் படுத்திருக்கிறவர்களுக்கு யார் சொல்லுவது, இது உயிர் விஷயமல்லவா, இதை விளையாட்டாக எடுக்கலாமா என்று நான் கேட்கக் கேட்க மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். ஒரு சொல்லுக்கும் மறுப்பில்லை. தர்க்கத்தில் இப்படி ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு ஏமாற்றம் தெரியுமா? நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, மிகவும் பொறுப்போடு சொன்னார்:

"நீங்கள் சொல்றது முழுக்கச் சரி பிள்ளை, ஆனா பற்றறி ரெண்டும் தம்பியின்ர போட்டில கடலுக்குப் போட்டுது; நாலு மணிக்குக் கரைக்கு வரும், அப்ப வந்து சோதியுங்கோ."

பன்னிரண்டு மணி

அருட்சகோதரிகள் நடத்துகிற பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றுக்குப் போனோம். அறுபது பிள்ளைகள். பற்றறி இருந்தது, டிடெக்டர்கள் புகையை மோப்பம் பிடித்தன, எல்லாம் ஒழுங்கு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சிஸ்டர், ஒருக்கா முழு மணியும் அடிச்சு, பிள்ளையள் எல்லாரையும் மாமரத்தடிக்கு எடுத்துப் பாப்பம்" என்றேன். சிஸ்டர் சம்மதித்தார். சுபைர் நானா "இப்ப வேணாம், ஒரு பத்து நிமிசம் போகட்டும்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, ஏன் என்று நான் கேட்கவுமில்லை. பொத்தானை அழுத்திவிட்டேன்.

அது பழைய மாதிரி மணி. ஊளையிடாது, கணீர் கணீர் என்று அடிக்கும். அறைக் கதவுகள் எல்லாம் திறந்தன. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் விறாந்தையில் வரிசையாக நின்று, சிலுவை போட்டு, கையைக் குவித்து, திரிகாலச் செபத்தைத் தொடங்கினார்கள். நேரம் சரியாக நண்பகல் பன்னிரண்டு, மணி கேட்டால் அந்தச் செபம் சொல்லுகிற நேரம். நான் "ஓடுங்கோ, ஓடுங்கோ, இது நெருப்பு மணி" என்று கத்துகிறேன். ஒரு சின்னவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, செபத்தின் நடுவே கதைக்கிற இந்தப் பெண் எந்த மதமோ என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எனக்கும் அந்தச் செபம் மனப்பாடம்தான், பேசாலைக் கத்தோலிக்கப் பிள்ளை அல்லவா! கடைசியில் நானும் தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு சிஸ்டர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "ஒரு குறையும் இல்ல பிள்ளை, நெருப்பு மட்டும் பன்னிரண்டு மணிக்கு வராமல் பாத்துக்கொள்ளுங்கோ."

நீலக் கையுறை

இப்போது என் கோபத்தின் அளவு உங்களுக்குத் தெரியும். ஊரே அலாரத்தை விளையாட்டாக எடுக்கிறது, நான் ஒருத்திதான் உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணத்தோடு ஒரு நண்டுத் தொழிற்சாலைக்குள் போனேன். மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலப்பக்கக் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாற்பது பெண்கள், வெள்ளைத் தொப்பி, நீல றப்பர்க் கையுறை. நண்டை அவித்து, உடைத்து, சதையைப் பிரித்து அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அவிக்கிற அறையில் ஆளுயரப் பானைகள். மூடியைத் தூக்கினால் ஆவி ஒரேயடியாகக் கூரைக்குப் போகும்.

அந்தக் கூரையில் டிடெக்டர் இருந்த இடத்தில் ஒரு நீலக் கையுறை இருந்தது. டிடெக்டரின் வாயை மூடி, றப்பர் வளையத்தால் இறுக்கி, ஐந்து விரலும் பசுவின் மடி மாதிரிக் கீழே தொங்கியது. "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டேன். கேட்ட குரலிலேயே தீர்ப்பும் இருந்தது. பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி, நாற்பத்தைந்து வயது இருக்கும், "நான்தான்" என்றாள். ஒரு மறைப்பும் இல்லை. நான் படம் எடுத்தேன். "தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்துள்ளார்" என்று எழுதினேன். எவ்வளவு அழகான வசனம்!

சுபைர் நானா ஏணியில் நின்று டிடெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தார். "தங்கச்சி, நாங்க கருவிக்குத்தான் ரிப்போட் எழுதுற. ஆளுக்கு எழுதுற இல்ல. பேர் போடாத" என்றார். பெயர் இல்லாத குற்றம் திருந்தாது, பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது, நாற்பது உயிருக்கு யார் பதில் சொல்லுவது என்று அந்த ஆவிக்குள் நின்று பத்து நிமிடம் வாதாடினேன். அவர் ஏணியை மடிக்கத் தொடங்கினார். நான் பேனாவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் முகத்து வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"முழுப் பேரையும் ஊரையும் எழுதுங்கோ பிள்ளை, இஞ்ச மூண்டு செல்வராணி இருக்கு, மற்ற ரெண்டும் பாவம்."

மேலிடத்து அனுமதி

அடுத்த வாரம் ஓர் அரசாங்கக் கந்தோர். எந்தக் கந்தோர் என்று சொன்னால் நான் பட்டம் வாங்கினாலும் வேலை வாங்க முடியாது. பெரியவர் பைலில் இருந்து கண்ணை எடுக்காமல் "சோதியுங்கோ, ஆனா சத்தம் வரக்கூடாது" என்றார். அலாரத்தைச் சத்தம் இல்லாமல் சோதிப்பது, சுவைக்காமல் உப்புப் பார்ப்பது மாதிரி என்று விளக்கினேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர், "அப்ப மெதுவாச் சோதியுங்கோ" என்று ஒத்தாசை செய்தார். ஒலி அலைகளைப் பற்றி நான் தொடங்கப் போன நேரத்தில் சுபைர் நானா என்னைத் தாண்டிப் போய்ப் பணிவாகக் கேட்டார், ஒரே ஒரு தடவை, பத்தே பத்து வினாடி அடிக்கலாமா என்று.

பெரியவர் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பின்வரிசையில் இரண்டு பேர் மேசையில் தலை வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது அரசாங்கக் கந்தோர், இஞ்ச ஆக்களை எழுப்புறதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்."

சண்டைக்காரி

கந்தோரில் இருந்து வானுக்கு வரும்போது நான் சிரித்துக்கொண்டு வந்தேன். சுபைர் நானா சிரிக்கவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "செல்வராணியை நிப்பாட்டிட்டாங்களாம்" என்றார். அவருடைய மச்சாள் முறையான ஒருவர் அந்த நண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அவர்தான் சொன்னது. என் அறிக்கை போய்ச் சேர்ந்த அன்றே கையில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும். அந்தக் கரையில் அந்த வயதுப் பெண்ணுக்கு அடுத்த வேலை என்று ஒன்று இல்லை என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அன்றைக்கே அவளுடைய வீட்டுக்குப் போகச் சொன்னேன். சுபைர் நானா வானை வீதியிலேயே நிறுத்திவிட்டார், நான் மட்டும் போனேன். தகரக் கூரை, ஓலை வேலி. செல்வராணி அக்கா பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துத் தந்தார். முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டே கதை சொன்னார். அந்த அறையில் மூடியைத் தூக்கும்போதெல்லாம் அலாரம் அடிக்குமாம். அடித்தால் எல்லோரும் வெளியே போய் வெயிலில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது உடைத்து வைத்த நண்டு பழுதாகியிருக்கும், தட்டோடு கொட்டிவிடுவார்கள், ஏச்சும் விழும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நாள் போகப் போகப் பெண்கள் எழும்பாமல் விட்டுவிட்டார்கள். மணி அடிக்கும், ஒருத்தியும் தலையைத் தூக்காள்.

"பதினேழு வருசம் இந்தியாவில அகதி முகாமில இருந்தனாங்கள். ஒருக்கா எங்கட குடிசை வரிசை முழுக்கப் பத்திப்போட்டுது. ஆமா, கண்ணால கண்டனான்" என்றார். அந்த "ஆமா" மட்டும் இந்தியாவில் இருந்து கூடவே வந்திருந்தது. "நெருப்பெண்டா எனக்குப் பயம் பிள்ளை. பொய்யாக் கத்திக் கத்தி, உண்மையாக் கத்திற அண்டைக்கு ஒருத்தியும் எழும்பாட்டி? அதுதான் அவிக்கிற நேரம் மட்டும் மூடுறனான். அவிச்சு முடிய நானே ஏறிக் கழட்டிப்போடுவன். நீங்கள் வந்தது அவிக்கிற நேரம்." நாலு வருடப் பள்ளிக்கூட விவாதப் பயிற்சியோடு நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் காகம் விரட்டிக்கொண்டு சொல்லி முடித்துவிட்டார். ஆர் செய்தது என்று கேட்ட நான், ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான் என்றேன்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன செய்யிறது? வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வாங்கோ. ஆக்களோட நல்லாச் சண்டை பிடிப்பீங்களாமே."

பாலத்தில்

மறுநாள் காலை கம்பனியில் அந்த டிடெக்டரோடு வருகிற விளக்கத் தாளைத் தேடி எடுத்தேன். மூன்றாம் வரியிலேயே இருந்தது: நீராவி வருகிற இடத்தில் இந்தப் புகை வகையைப் பூட்டக்கூடாது, வெப்பத்துக்கு அடிக்கிற வகையைப் பூட்ட வேண்டும். ஆவியும் புகையும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் குற்றம் கையுறை போட்டவளுடையது அல்ல, அந்த டிடெக்டரை அந்த அறையில் பூட்டியவனுடையது! எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆர் அந்த முட்டாள் என்று பழைய பைலைத் திறந்தேன். பூட்டியது எங்கள் கம்பனி.

அன்று நாங்கள் கட்டுக்கரைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. பெருநிலத்துக்குப் போகிற பாலத்தில் ஏறியதில் இருந்து நான் விடாமல் கத்திக்கொண்டு வந்தேன். நம் கம்பனியே பிழையைச் செய்துவிட்டு, நம் கம்பனியே போய்ச் சோதித்து, அதை மூடியவளுக்குத் தண்டனையா, எந்த அறிவுகெட்டவன் அதைப் பூட்டினான், அவனுடைய பெயரை எடுத்து விசாரணையில் வைக்காமல் விடமாட்டேன் என்றேன். இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. சுபைர் நானா வானை ஓரமாக நிறுத்தினார். கொழும்பில் இருந்து சாமான் வராத காலமாம் அது. வெப்ப வகை ஒன்று குறைந்ததாம். தொழிற்சாலை திறப்பு அடுத்த நாள் என்று எங்கள் முதலாளி அவசரப்படுத்த, இவர் கையில் இருந்த புகை வகையைப் பூட்டிவிட்டு, சாமான் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். சாமான் வந்தது. இவர் மறந்துவிட்டார். ஏணியில் ஏறி அந்தக் கையுறையைக் கண்டபோதுதான் ஞாபகம் வந்ததாம்.

நான் மடியில் திறந்து வைத்திருந்த அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்தேன். செல்வராணி என்ற பெயரை எழுத எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. இப்போது பேனா நகரவில்லை. நீங்களே சொல்லுங்கள், இதுதான் நீதியா? முன்பின் தெரியாதவளுக்கு ஒரு சட்டம், தினமும் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தருகிறவருக்கு ஒரு சட்டமா? சுபைர் நானா ஸ்டியரிங்கில் இருந்து வலது கையை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"அதைப் பூட்டின கை இதுதான் தங்கச்சி, இப்ப இதுக்கும் பேர் எழுதப் போறியா?"

விசாரணை

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்லாமல் போனோம். மனேச்சரின் அறையில் ஏசி, நாலு கதிரை. செல்வராணி அக்கா வெளுத்த சேலை உடுத்து, கதிரையின் நுனியில் இருந்தார். நான் முந்தின இரவு எழுதிய புது அறிக்கையை வைத்தேன், விளக்கத் தாளை வைத்தேன், வாதத்தை வைத்தேன், இயற்கை நீதியை வைத்தேன். மனேச்சர் கெட்டவர் அல்ல. களைத்த மனிதர். வெளிநாட்டுக்காரன் பரிசோதனைக்கு வரும்போது என்ன நடவடிக்கை எடுத்தாய் என்று கேட்பான், அவனுக்குக் காட்ட ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை. என் பழைய அறிக்கையை ஒரு கையிலும் புது அறிக்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "எழுதினதும் நீங்கள், மாத்திறதும் நீங்கள். நான் எந்த மிஸ்ஸை நம்புறது?" என்று கேட்டார். நான் விளக்கத் தாளை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினேன்.

சுபைர் நானாதான், "சேர், கையுறை போடாம ஒருக்கா அவிச்சுப் பாப்பமே" என்றார். போனோம். அன்றைய நண்டு வந்து இறங்கியிருந்தது. மூடியைத் தூக்கினார்கள், ஆவி போனது, அலாரம் அலறியது. விதிப்படி எல்லோரும் வெளியே. மனேச்சரும் சப்பாத்துக்குள் மணல் போக வெயிலில் நின்றார். உள்ளே வந்தோம். இரண்டாவது பானை, மறுபடியும் அலறல். இந்த முறை பாதிப் பேர்தான் எழும்பினார்கள். மூன்றாவது பானைக்கு ஒருத்தியும் எழும்பவில்லை. "வெளியில வாங்கோ!" என்று நான் கத்த, "இந்தத் தட்டை முடிச்சிட்டு வாறம் பிள்ளை" என்று அத்தனை பேர் கையும் நண்டு உடைத்துக்கொண்டே இருந்தன. மணி நிற்கவில்லை. மனேச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்துக் கத்தினார்:

"ஆராவது ஒரு கையுறையைக் கொண்டுவந்து அந்தச் சனியனை மூடுங்கோ!"

கம்பனிக்கு எதிராகக் கம்பனி

சுபைர் நானா பனலை நிறுத்தினார். சத்தம் நின்ற பிறகு எல்லோருக்கும் காது கேட்கத் தொடங்க ஒரு நிமிடம் எடுத்தது. மனேச்சருக்குத் தான் சொன்னது என்னவென்று விளங்க இன்னும் ஒரு நிமிடம் எடுத்தது. செல்வராணி அக்கா கையுறைப் பெட்டியின் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் அசையவில்லை. சிரிக்கவுமில்லை. நான் சிரித்திருப்பேன். அப்போது சுபைர் நானா முன்னால் வந்து, "சேர், அதை அதில பூட்டினது நான். என்ட பிழை" என்றார். நாற்பது பெண்கள் முன்னால் சொன்னார். புது அறிக்கையில் நான் அவருடைய பெயரை எழுதவில்லை என்பதை அவருக்கு முதலே காட்டியிருந்தேன். "பூட்டப்பட்ட வகை பிழை, பூட்டியது எங்கள் நிறுவனம், மூடியது அதன் விளைவு" என்று மட்டும்தான் இருந்தது. அது தெரிந்தும் சொன்னார்.

செல்வராணி அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தை மனேச்சர் திருப்பி வாங்கினார். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட என் புது அறிக்கை அவருக்குப் போதுமாக இருந்தது, அதில் குற்றவாளி நாங்கள் என்பதால். திங்கட்கிழமை செல்வராணி அக்கா வேலைக்குப் போனார். எங்கள் முதலாளி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வெப்ப வகை டிடெக்டர் ஒன்றை மேசையில் வைத்து, "காசு வாங்காமல் பூட்டிக் குடுத்திட்டு வாங்கோ" என்று சுபைர் நானாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கம்பனிக்கு எதிரா கம்பனிக் கடதாசியிலயே எழுதின முதல் ஆள் நீதான், அடுத்த முறை கடதாசியெண்டாலும் சொந்தமா வாங்கு."

ஒருக்கா ஏனெண்டு

புது டிடெக்டரை சுபைர் நானாவே பூட்டினார். இரண்டு முறை திருகி, மூன்றாம் முறை கையால் அசைத்துப் பார்த்தார். முதலில் ஆவிக்குக் காட்டினோம். பானைக்குப் பானை மூடி திறந்தது, ஆவி கூரையை மூடியது, டிடெக்டர் பேசாமல் இருந்தது. அவிக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான் தடியின் நுனியில் சூடான காற்று ஊதும் கருவியை வைத்துக் கிட்டக் கொண்டுபோனேன். அலறியது. ஒரு கணம் எல்லோரும் செல்வராணி அக்காவைப் பார்த்தார்கள். அவர் மூடியைக் கீழே வைத்தார். "எழும்புங்கோடி!" என்றார்.

தட்டுகள் போட்டது போட்டபடி கிடக்க அங்கே இருந்த எல்லோரும் எழும்பிப் போனார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சிரிப்பும் இல்லை. செல்வராணி அக்கா கடைசியாக வந்து, வெயிலில் நின்று ஒவ்வொரு தொப்பியாக விரல் நீட்டி எண்ணினார். ஒன்று குறைந்தது. கழிவறையில் இருந்தவளைப் போய்க் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அறிக்கையில் "சரி" என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலைமயிரை உதறிவிட்டு என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"இனி அது கத்தினா நாங்கள் எழும்பி வாறம் பிள்ளை, நீங்கள் எழுதிறதுக்கு முதல் ஒருக்கா ஏனெண்டு கேளுங்கோ."

நெருப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எங்களிடம் தடி இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, சோதனைப் புகை இருக்கிறது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் முதலில் ஒருத்தியை வேலையால் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.